விலைக்கு வாங்கிய வருகைகளைச் சர்வர் லாகில் வைத்துச் சோதித்த விவரம்

டெல்டா மாவட்டம் ஒன்றில் பாரம்பரிய நெல் விதை விற்கும் சிறு நிறுவனம் ஒன்றின் இணையதளத்தை நான் பராமரித்து வருகிறேன். சம்பா விதைப்புக்கு முந்தைய வாரங்களில்தான் அவர்களுடைய ஆண்டு வியாபாரத்தின் பெரும்பகுதி நடக்கும் என்பதால், அந்தக் காலத்தில் தளத்திற்குக் கூடுதல் ஆட்களை வரவழைக்க ஒரு விற்பனையாளரிடம் பணம் கட்டியிருந்தார்கள். மாதத்திற்கு இத்தனை ஆயிரம் வருகைகள், அத்தனையும் தமிழ்நாட்டிலிருந்து, பெரும்பாலும் மொபைல் வழியாக என்பது பேச்சு. எண்ணிக்கை சொன்னபடியே வந்தது. தள வருகைகளை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸில் கோடு சரசரவென்று ஏறியது. விதை கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகள் மட்டும் முந்தைய ஆண்டு இருந்த இடத்திலேயே நின்றன. நிறுவனத்தை நடத்தும் ஐயா என்னை அழைத்து, “தம்பி, ஆளு வந்து பாத்துட்டு வாங்காமப் போறாங்களா, இல்ல ஆளே வரலையா? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

மிகச் சரியான கேள்வி அது. ஆட்கள் வந்தும் வாங்கவில்லை என்றால் விலையையோ பக்கத்தையோ திருத்த வேண்டும். ஆளே வரவில்லை என்றால் பணம் கட்டுவதை நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொண்டு, நன்றாக இருக்கும் பக்கத்தை வெட்டித் திருத்தியவர்களையும் விலையைக் குறைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

விற்பனையாளர் தம் பக்கத்துச் சான்றாகக் கொடுத்தது அனலிட்டிக்ஸ் அறிக்கையைத்தான். அதை முதலிலேயே ஒதுக்கி வைத்தேன். கூகுள் அனலிட்டிக்ஸ் 4, தனக்குத் தெரிந்த பாட்களை, அதாவது மனிதரில்லாமல் தானாகத் தளங்களைத் திறக்கும் நிரல்களை, பட்டியல் வைத்துத் தானாகவே கழித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் தம்மைப் பாட் என்று அறிவித்துக்கொண்டு வருபவை. ஏமாற்ற வருவது அப்படி அறிவித்துக்கொள்ளாது. மேலும், ஈடுபாடுள்ள வருகை என்று அந்தக் கருவி கணக்கிடுவதற்கு, பத்து விநாடிக்கு மேல் பக்கத்தில் இருப்பதோ, இரண்டு பக்கங்களைத் திறப்பதோ, நாம் முக்கியமென்று குறித்த ஒரு செயலைச் செய்வதோ போதும். இந்த வரையறை வெளிப்படையானது. பன்னிரண்டு விநாடி காத்திருந்து இன்னொரு பக்கத்தைத் திறக்கும்படி ஒரு நிரலை எழுதுவது அரைமணி நேர வேலை. போதாததற்கு, தளத்தின் அனலிட்டிக்ஸ் அளவீட்டு எண் பக்கத்தின் மூலநிரலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, தளத்திற்கு வராமலேயே கூகுளின் சர்வருக்கு நேரடியாக ‘வருகை’ அனுப்ப முடியும். நாம் எதைப் பார்ப்போம் என்று விற்பவருக்கு முன்கூட்டியே தெரியுமோ, அதைத் தயாரித்துக் கொடுப்பது அவருக்குக் கடினமில்லை. ஆகவே அவர் அறியாத இடத்தில் அளக்க வேண்டும். அந்த இடம் நம்முடைய சர்வர். தளத்திடம் கேட்கப்படும் ஒவ்வொரு கோப்பும் அதன் லாக் என்ற பதிவேட்டில் ஒரு வரியாக எழுதப்பட்டுவிடும்.

அடுத்த தவணைக்கு முன் கொஞ்சம் வருகைகளை ஒரு சோதனைத் தொகுதியாக அனுப்பும்படி கேட்டுக்கொண்டு, அதற்கென்று மூன்று பக்கங்களைத் தயார் செய்தேன். மூன்றும் ஒன்றின் நகல். முகவரி மட்டும் வேறு. ஒவ்வொரு முகவரியின் கடைசியிலும் யாரும் ஊகித்துவிட முடியாத எழுத்துக்கோவை ஒன்றைச் சேர்த்தேன். தளத்தின் வேறெந்தப் பக்கத்திலிருந்தும் இவற்றுக்கு இணைப்பு இல்லை. தளவரைபடக் கோப்பிலும் இல்லை. தேடுபொறிகள் எடுக்கக் கூடாது என்ற நோஇண்டெக்ஸ் குறிப்பு மூன்றிலும் உண்டு. முதல் பக்கத்தின் முகவரியை விற்பனையாளருக்கு மட்டும் கொடுத்தேன். இரண்டாவதை, நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர்களான விவசாயிகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஐயா பகிர்ந்தார். மூன்றாவதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சும்மா இருக்கும் ஒரு பக்கத்திற்குத் தானாக எவ்வளவு குப்பை வருகிறது என்று தெரிந்தால்தான் மற்ற இரண்டின் எண்ணிக்கையை நம்பிப் பேச முடியும். அந்த மூன்றாம் பக்கத்திற்குச் சோதனைக் காலம் முழுவதும் ஒரு கோரிக்கைகூட வரவில்லை. எனவே முதல் பக்கத்திற்கு வந்த ஒவ்வொன்றும் விற்பனையாளர் அனுப்பியதுதான் என்று உறுதியாகக் கொள்ள முடிந்தது. இப்படி ஒரு வெற்றுப் பக்கத்தை வைக்காமல் செய்யும் சோதனைகளில், ‘அது வேறு எங்கிருந்தோ வந்த பாட்’ என்று விற்பவர் எளிதாக நழுவிவிடுவார்.

சர்வரில் இயங்குவது என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள். அதன் வழக்கமான லாக் வரியில் ஐபி முகவரி, நேரம், கேட்ட கோப்பு, விடைக் குறியீடு, அனுப்பிய பைட்டுகள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ரெஃபரர், எந்தப் பிரவுசர், எந்தக் கருவி என்று சொல்லும் யூஸர் ஏஜென்ட் ஆகியவை இருக்கும். இவை மட்டும் போதாது. ஹெடர் என்பது கோரிக்கையோடு பிரவுசர் அனுப்பும் தகவல் வரி. பிரவுசர் விரும்பும் மொழிகளைச் சொல்லும் அக்செப்ட்-லாங்குவேஜ் ஹெடர், குரோம் வகைப் பிரவுசர்கள் தம் பதிப்பைத் தனியாகச் சொல்லும் கிளையன்ட் ஹின்ட் ஹெடர்கள், பக்கம் தனி ஆவணமாகத் திறக்கிறதா, வேறொரு பக்கத்தின் உள்ளே வைக்கும் ஐஃப்ரேம் என்ற சட்டத்திற்குள் திறக்கிறதா என்று சொல்லும் செக்-ஃபெட்ச் ஹெடர்கள் ஆகியவற்றையும் லாக் வடிவத்தில் சேர்த்தேன். இந்த மூன்று பக்கங்களுக்கு மட்டும் இடையில் இருந்த சிடிஎன் சேவையை, அதாவது தளத்தின் கோப்புகளை நகலெடுத்து வைத்து நம் சர்வருக்குப் பதிலாகத் தரும் சேவையை, விலக்கினேன். இல்லாவிட்டால் படங்களும் ஸ்டைல் கோப்புகளும் அங்கிருந்தே போய்விடும், நம் லாகில் பாதிக் கதைதான் பதிவாகும். டொமைனுக்குப் பழைய ஐபிவி4 முகவரியோடு புதிய வகையான ஐபிவி6 முகவரியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இதன் காரணம் பின்னால் வரும்.

பக்கத்தின் அமைப்பில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. பக்கத்தை வேண்டுமென்றே நீளமாக அமைத்து, மேலே மாப்பிள்ளைச் சம்பா, நடுவில் கருப்புக் கவுனி, அடியில் விலைப்பட்டியல் என மூன்று படங்களை வைத்தேன். கீழிரண்டு படங்களுக்கும் லேஸி லோடிங் பண்பைக் கொடுத்தேன். இந்தப் பண்புள்ள படத்தைப் பிரவுசர் உடனே இறக்காது. வாசகர் உருட்டிக்கொண்டு அருகில் வரும்போதுதான் சர்வரிடம் கேட்கும். குரோம் பிரவுசர் வேகமான இணைப்பில் சுமார் 1250 பிக்சல் தொலைவிலும், மெதுவான இணைப்பில் சுமார் 2500 பிக்சல் தொலைவிலும் இருக்கும்போதே படத்தைக் கேட்டுவிடும் என்பதால், படங்களுக்கிடையே அதைவிட அதிக இடைவெளி இருக்குமாறு எழுத்தை நிரப்பினேன். இதன் பயன் பெரிது. ஒருவர் பக்கத்தை எதுவரை உருட்டினார், எவ்வளவு நேரத்தில் உருட்டினார் என்பது, எந்த ஜாவாஸ்கிரிப்ட் அளவீடும் இல்லாமல், படக்கோப்புக் கோரிக்கைகளாகவே லாகில் எழுதப்பட்டுவிடும். படத்தைக் காட்டுகிறோம் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியுமே ஒழிய, அளக்கிறோம் என்று தெரியாது.

இதற்குமேல் ஒரு சிறு நிரலையும் எழுதி நம் சர்வரிலேயே வைத்தேன். திரையில் பக்கத்திற்குக் கிடைத்த இடத்தின் அளவு (இதைத் திரை அளவு என்கிறேன்), தொடுபுள்ளிகளின் எண்ணிக்கை, கருவியின் நேர வித்தியாசம், பக்கம் கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருந்ததா மறைந்திருந்ததா, தானியங்கிக் கட்டுப்பாட்டில் இயங்குவதாகப் பிரவுசர் ஒப்புக்கொள்கிறதா என்ற ஐந்தை மட்டும் அது திருப்பி அனுப்பும். பெயர், தொலைபேசி எண் என்று எதையும் எடுக்கவில்லை.

முதலில் நான் படித்தது விவசாயிகளின் பக்கத்து லாகை. மனித வருகை எப்படி இருக்கும் என்று அறியாமல் போலியைத் தேடப் போனால், கண்ணில் படுவதெல்லாம் போலியாகத் தோன்றும். இந்த இடத்தில் நான் நிறைய நேரம் செலவழித்தேன், செலவழித்தது தகும்.

குழுவில் இணைப்பைப் பகிர்ந்ததும் முதலில் வந்தது வாட்ஸ்அப் என்றே தன் பெயரைச் சொல்லும் ஒரு கோரிக்கை. அனுப்புபவரின் போன் முன்னோட்டப் படத்திற்காகப் பக்கத்தை எடுத்துப் பார்ப்பது அது, அதைக் கழித்தேன். அதன்பின் வந்தவற்றில் ஏறத்தாழ எல்லாமே ஆண்ட்ராய்டு போன்கள். ஐபி முகவரிகளில் பெரும்பாலானவை ஐபிவி6 வகை; ஜியோவின் முகவரிகள் 2409:40 என்றும், ஏர்டெல்லின் முகவரிகள் 2401:4900 என்றும் தொடங்குபவை. ரெஃபரர் காலியாக இருந்தது. செயலியிலிருந்து வரும் வருகை அப்படித்தான் இருக்கும். மொழி ஹெடரில் இந்திய ஆங்கிலமும் பிரிட்டிஷ் ஆங்கிலமும் மிகுதி, தமிழ் அங்கங்கே. நேர வித்தியாசம் எல்லாவற்றிலும் கழித்தல் 330 நிமிடம், அதாவது கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். இலங்கைக்கும் இதே வித்தியாசம் என்பதால் இந்த எண் தமிழ்நாட்டைத் தனியாகக் காட்டிவிடாது. நம் வட்டாரத்தில் இல்லாத கருவியை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடிகாலையில் ஒரு மேடு, இரவு உணவுக்குப் பின் அதைவிடப் பெரிய மேடு, நள்ளிரவுக்குப் பின் விடியும்வரை ஏறக்குறைய வெறுமை. லாகின் நேரம் கிரீன்விச் கணக்கில் இருந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டாமல் பார்த்தால் விவசாயிகள் நடுநிசியில் விதை தேடுவதுபோல் தெரியும்.

மூன்று படங்கள் தந்த செய்திதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. கணிசமான பேர் பக்கத்தைத் திறந்த சில விநாடிகளிலேயே போய்விட்டார்கள். அவர்களுடைய வரிகளில் முதல் படம் மட்டும் இருந்தது. இன்னும் சிலர் நடுப்படத்தோடு நின்றார்கள். மீதிப்பேர் விலைப்பட்டியல்வரை போனார்கள். அங்கே போக ஒருவருக்கு இருபது விநாடி, இன்னொருவருக்கு நான்கு நிமிடம், வேறொருவருக்கு மறுநாள் திரும்பி வந்த பிறகு என்று நேரம் சிதறிக் கிடந்தது. ஆகவே, உடனே வெளியேறுவது போலிக்கு அடையாளமில்லை. நல்ல மனிதர்களும் உடனே போகிறார்கள். மனிதர்களின் அடையாளம், அவர்கள் ஒருவரைப் போல் ஒருவர் நடந்துகொள்ளாததே.

இவற்றை அருகில் வைத்துக்கொண்டு விற்பனையாளரின் தொகுதியைத் திறந்தேன். பெரும்பான்மை வரிகளில் ரெஃபரர் கூகுள் தேடல் என்று இருந்தது. தேடுபொறியில் இல்லாத பக்கம் இது. நோஇண்டெக்ஸ் குறிப்போடு, எங்கிருந்தும் இணைப்பில்லாமல், புதிதாக முளைத்த பக்கம். தன் தேடலில் ஒரு தளம் எத்தனை முறை காட்டப்பட்டது, கிளிக் செய்யப்பட்டது என்று கூகுளே தளத்துக்காரருக்குக் காட்டும் சர்ச் கன்சோலில் பார்த்தேன்; இந்த முகவரிக்கு ஒரு கிளிக்கும் இல்லை, தேடல் முடிவுகளில் ஒருமுறைகூடக் காட்டப்படவும் இல்லை. ரெஃபரர் என்பது கோப்பைக் கேட்பவரின் பிரவுசரோ நிரலோ தானாக எழுதி அனுப்பும் ஒரு வரிதான்; யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். சர்ச் கன்சோலின் கணக்கு கூகுளின் பக்கத்திலிருந்து வருவது. அதை இந்த வழியில் மாற்ற முடியாது. அதே வரிகளில் இன்னொரு முரணும் இருந்தது. கூகுள் பக்கத்திலிருந்து உண்மையாகக் கிளிக் செய்து வந்திருந்தால், செக்-ஃபெட்ச்-சைட் ஹெடர் ‘வேறு தளத்திலிருந்து’ என்று சொல்லியிருக்கும். இவற்றில் பலவற்றில் அது ‘எங்கிருந்தும் இல்லை’ என்று சொன்னது; அதாவது முகவரியை நேரடியாகத் தட்டித் திறந்தது. ஒரே கோரிக்கையின் இரண்டு வரிகள் ஒன்றையொன்று மறுத்தன. இந்த முரண்களே விற்பனையாளரின் கணக்கில் பாதிக்கு மேல் தள்ளுபடி செய்யப் போதுமானவையாக இருந்தன. ஆனாலும், மீதியைப் பற்றி ஐயாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் தொடர்ந்து பார்த்தேன்.

யூஸர் ஏஜென்ட் வரிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன். குரோம் 2022-இல் 101ஆம் பதிப்பிலிருந்து தன் பதிப்பு எண்ணின் பின்பகுதியைச் சுழியங்களாக்கிவிட்டது, 2023-இல் 110ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு குரோமில் எந்தப் போனாக இருந்தாலும் ‘ஆண்ட்ராய்டு 10, கே’ என்றே சொல்கிறது. விவசாயிகளின் லாக் முழுவதும் இந்த ஒரே அச்சுதான். விற்பனையாளரின் லாகிலோ விதவிதமான போன் மாடல் பெயர்கள், முழு நீளப் பதிப்பு எண்கள் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பலவகை இருந்தது. பழைய பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அதிலிருந்து மாற்றி மாற்றி எடுத்து அனுப்பினால் இப்படித்தான் தெரியும். பேஸ்புக் போன்ற செயலிகளுக்குள்ளேயே திறக்கும் பிரவுசர்களில் மாடல் பெயர் வருவதுண்டு. ஆனால் அவை தம்மை வெப்வியூ என்று சொல்லிக்கொள்ளும், இவை சொல்லவில்லை. விண்டோஸ் 7 கணினியில் குரோம் 120 என்று சொன்ன வரிகளும் இருந்தன. விண்டோஸ் 7-க்குக் கிடைத்த கடைசி குரோம் பதிப்பு 109. அப்படி ஒரு சேர்க்கையை ஒரு விவசாயியின் கணினி அனுப்பாது. வேறு சில வரிகளில் யூஸர் ஏஜென்ட் ஒரு பதிப்பையும் கிளையன்ட் ஹின்ட் ஹெடர் வேறொரு பதிப்பையும் சொன்னது. பொய்ப்பெயரை ஒரு இடத்தில் மாற்றியவர்கள் மற்ற இடத்தில் மாற்ற மறந்திருந்தார்கள்.

ஐபி முகவரி எந்த நிறுவனத்தின் வலையமைப்பைச் சேர்ந்தது என்பதை ஹூயிஸ் சேவை வழியாக மொத்தமாகக் கேட்டு அறியலாம். டீம் சிம்ரு என்ற அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது. முகவரிகளின் பட்டியலை அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் அதன் வலையமைப்பைக் குறிக்கும் ஏஎஸ் எண் வரும். பிஎஸ்என்எல் 9829, ஜியோ 55836 என்பவை நமக்குப் பழகிய எண்கள். விற்பனையாளரின் தொகுதியில் அவற்றைவிட மிகுதியாக இருந்தவை வாடகைக்குச் சர்வர் விடும் டேட்டா சென்டர்களின் எண்கள். போன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவை டேட்டா சென்டரிலிருந்து வந்தன. அவற்றில் திரை அளவு 800-க்கு 600 என்றும், தொடுபுள்ளி சுழியம் என்றும், நேர வித்தியாசம் சுழியம் என்றும் நம் நிரல் எழுதி வைத்திருந்தது. தொட முடியாத மொபைல் போன். 800-க்கு 600 என்பது பப்பெட்டியர் என்ற தானியக்கக் கருவி, யாரும் மாற்றாவிட்டால் தானாகவே எடுத்துக்கொள்ளும் அளவு.

தமிழ்நாட்டு மொபைல் வருகை என்று விற்கப்பட்ட இந்தத் தொகுதியில் ஐபிவி6 முகவரி மிக அரிதாகவே இருந்ததும் எனக்குப் பெரிய தடயமாகப் பட்டது. ஜியோ இணைப்பில் ஐபிவி6 உள்ள தளத்தைத் திறந்தால் போன் அந்த வழியாகத்தான் வரும். சர்வருக்கு ஐபிவி6 இல்லாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது என்பதால்தான் முதலிலேயே அதைச் சரிபார்த்துக்கொண்டேன்.

படங்களின் வரிகள் மூன்று வகையாகப் பிரிந்தன. ஒரு வகையில் பக்கத்தின் எச்டிஎம்எல் கோப்பு மட்டும். ஸ்டைலும் இல்லை, படமும் இல்லை. இன்னொரு வகையில் மூன்று படங்களும் ஒரே விநாடியில் கேட்கப்பட்டிருந்தன. பக்கத்தைப் பிரித்துப் பார்த்து அதிலுள்ள கோப்புகளையெல்லாம் வாரிக்கொள்ளும் நிரல் அப்படிச் செய்யும், லேஸி லோடிங்கை மதிக்கும் பிரவுசர் செய்யாது. மூன்றாவது வகையில் மேல் படம் மட்டும் வந்து, பதினொரு விநாடி முதல் பதினைந்து விநாடிக்குள் எல்லாம் முடிந்து, மறு பக்கம் ஒன்று திறக்கப்பட்டிருந்தது. பத்து விநாடி வரம்பைத் தாண்டியவுடன் புறப்படும் இந்த ஒழுங்கு, அனலிட்டிக்ஸ் வரையறையைப் படித்தவர் எழுதியது. நடுப்படம்கூட வராமல் அத்தனை பேரும் ஒரே நேர அளவு அமர்ந்திருந்து எழுந்து போவது மனிதக் கூட்டத்தில் நடக்காது. மணி நேரவாரியாகப் பார்த்தபோது இரவு இரண்டு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் வேறுபாடே இல்லாமல், கோடு தட்டையாகக் கிடந்தது.

அனலிட்டிக்ஸ் கணக்கையும் லாக் கணக்கையும் ஒப்பிட்டபோது இன்னொன்று தெரிந்தது. வழக்கமாக அனலிட்டிக்ஸ் காட்டும் எண் சர்வர் லாகைவிடக் குறைவாகத்தான் இருக்கும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் அதில் விடுபடுவார்கள். இந்தப் பக்கத்திற்கோ அனலிட்டிக்ஸ் எண் லாகைவிட அதிகமாக இருந்தது. உடனே அந்தப் பக்கத்திலிருந்து அனலிட்டிக்ஸ் நிரலை முழுவதுமாக நீக்கினேன். பக்கத்தை யாரும் கேச்சில் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற கட்டளையை முதலிலேயே கொடுத்திருந்ததால், பழைய நகலிலிருந்து கணக்கு வர வழியில்லை. நீக்கிய பிறகும் அந்த முகவரியின் பெயரில் வருகைகள் அனலிட்டிக்ஸில் பதிவாகிக்கொண்டே இருந்தன. நிரலே இல்லாத பக்கத்திலிருந்து கணக்கு வருகிறது என்றால், அந்தப் பகுதி தளத்திற்கு வராமலேயே கூகுளுக்கு அனுப்பப்படுகிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். டிராஃபிக் வாங்கும் எவரும் தனிப்பக்கம் ஒன்றை வைத்து இதைச் செய்துவிடலாம்.

இவ்வளவையும் கழித்தபின் எஞ்சிய சிறு பகுதிதான் கடினமான பகுதி. இவை உண்மையான இந்திய வீட்டு இணைப்புகளிலிருந்தும் மொபைல் இணைப்புகளிலிருந்தும் வந்தவை. யூஸர் ஏஜென்ட் சரி, நேர வித்தியாசம் சரி, தொடுபுள்ளியும் சரி. இந்த இடத்தில் அவசரப்பட்டு எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஐபி முகவரி ஒன்று வீட்டு இணைப்பு என்று பதிவாகியிருப்பதே மனிதருக்குச் சான்றாகாது. 2016 டிசம்பரில் ஒயிட் ஆப்ஸ் நிறுவனம் வெளிக்கொணர்ந்த மெத்பாட் விளம்பர மோசடியில், டேட்டா சென்டர்களில் வாடகைக்கு எடுத்த 1,900-க்கும் மேற்பட்ட சர்வர்களை, 6,50,000-க்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளை வைத்துக்கொண்டு, வீட்டு இணைப்புகள் என்று பதிவேடுகளில் பொய்யாகக் காட்டியிருந்தார்கள். சுட்டி நகர்வது, பக்கம் உருள்வது ஆகியவற்றையும் நடித்துக் காட்டினார்கள். அதை நடத்திய அலெக்சாந்தர் ஜுகோவ் 2021-இல் நியூயார்க்கில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2018 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை அதனுடன் சேர்த்து அறிவித்த த்ரீவீ என்ற மற்றொரு மோசடியில், தீநிரல் புகுந்த 17 லட்சம் கணினிகள் பயன்பட்டன. அங்கே கணினி உண்மையானது, இணைப்பு உண்மையானது. உரிமையாளருக்குத் தெரியாமல் பின்னணியில் பிரவுசர் ஓடிக்கொண்டிருந்தது. சரியான கருவி, சரியான இணைப்பு என்பதோடு சோதனையை முடித்துக்கொண்டால் இத்தகையவை எல்லாம் தேறிவிடும்.

ஆகவே எஞ்சியவற்றில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: அந்தப் பக்கம் யாருடைய கண்ணுக்காவது தெரிந்ததா என்பது. பெரும்பகுதியில் செக்-ஃபெட்ச்-டெஸ்ட் ஹெடர் ‘ஐஃப்ரேம்’ என்று இருந்தது. நம் நிரல் அனுப்பிய திரை அளவோ சுழியம். அதாவது, வேறு ஏதோ ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உண்மையான ஒருவரின் போனில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டத்திற்குள் நம் விதைப் பக்கம் திறந்து மூடியிருக்கிறது. அவருக்குத் தெரியாமல் அவருடைய டேட்டாவும் செலவாகியிருக்கிறது. இதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. வேறு தளங்கள் நம் பக்கத்தைச் சட்டத்திற்குள் திறக்கக் கூடாது என்று ஃப்ரேம்-ஆன்செஸ்டர்ஸ் விதியை ஹெடரில் சேர்த்ததும், அந்த வகை வரிகளில் எச்டிஎம்எல் கோரிக்கை மட்டும் வந்து, அதற்குப் பின் ஒன்றும் வராமல் நின்றது. இன்னும் சில வருகைகள் தனி விண்டோவாகவே திறந்தவை. ஆனால் திறந்ததிலிருந்து மூடும்வரை மறைந்த நிலையிலேயே இருந்ததாகப் பதிவாகியிருந்தது. பார்க்கும் பக்கத்திற்குப் பின்னால் திறக்கும் பாப்அண்டர் விளம்பரம் இப்படிப் பதிவாகும்.

இவற்றையும் கழித்தபின் கைவிரலால் எண்ணிவிடக்கூடிய சிலர் மிஞ்சினார்கள். அவர்களில் ஓரிருவர் நடுப்படம்வரை உருட்டியிருந்தார்கள். அவர்களை மனிதர்கள் என்றே கணக்கில் எழுதினேன். ஐயம் இருக்கும் இடத்தில் விற்பவருக்குச் சாதகமாக எழுதுவதுதான் நியாயம். விலைப்பட்டியல் படத்தைக் கேட்டவர் அவர்களில் யாருமில்லை.

இதே சோதனையைச் செய்ய நினைப்பவர்கள் சில இடங்களில் நிதானிக்க வேண்டும். ஒரே ஐபிவி4 முகவரியிலிருந்து பல வருகைகள் வந்தால் உடனே போலி என்று எழுதிவிடக் கூடாது. நம் மொபைல் நிறுவனங்கள் ஒரு முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கின்றன, ஒரு தாலுகாவே ஒரு முகவரிக்குப் பின்னால் இருக்க முடியும். டேட்டா சென்டர் முகவரியும் தனியாக நின்று சான்றாகாது; ஓபரா மினி பயன்படுத்துபவர் ஓபராவின் சர்வர்கள் வழியாகத்தான் வருவார், அலுவலக விபிஎன் வழியாக வருபவரும் அப்படியே. பழைய பிரவுசர் வைத்திருப்பவர் பழைய போன் வைத்திருக்கும் விவசாயியாகவே இருக்கலாம். ரெஃபரர் இல்லாதது குற்றமில்லை. ஒரு தடயத்தை மட்டும் வைத்து ஒரு வருகையைத் தள்ளாமல், ஒன்றையொன்று சாராத இரண்டு மூன்று தடயங்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டுமே நான் தள்ளினேன்.

தளத்தில் ஆட்சென்ஸ் விளம்பரம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்தானது. பணம் கொடுத்துக் கிளிக் வாங்கும் சேவைகளையும் தானாகப் பக்கம் திறக்கும் சேவைகளையும் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன, கணக்கே முடக்கப்படலாம். வாங்கியவர் ஏமாற்றப்பட்டவராக இருந்தாலும், விதியின் முன் பொறுப்பு தளத்துக்காரருடையதுதான். இந்த நிறுவனத்தின் தளத்தில் ஆட்சென்ஸ் இல்லை. ஆனால் தளத்திற்கு வந்துபோனவர்களுக்கு மறுபடி விளம்பரம் காட்டும் ரீமார்கெட்டிங் பட்டியல் இருந்தது. போலி வருகைகள் அந்தப் பட்டியலில் நுழைந்திருந்தன. முதலில் வருகைக்கும், பிறகு அந்த ‘வருகையாளருக்கு’ விளம்பரம் காட்டுவதற்கும் என இரண்டு முறை பணம் போக வழி ஏற்பட்டிருந்தது. அந்தப் பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம்.

விற்பனையாளருக்கு முடிவுகளை வரிவரியாக எழுதி அனுப்பி, எந்தெந்தத் தளங்களில், எந்தெந்தச் செயலிகளில் எங்கள் இணைப்பை வைத்தீர்கள் என்ற பட்டியலைக் கேட்டோம். அனலிட்டிக்ஸில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதுதான் பதில், பட்டியல் வரவில்லை. நேர்மையாக விளம்பரம் விற்பவர் முதலில் காட்டுவது அந்தப் பட்டியலைத்தான்.

ஐயாவிடம் லாகின் இரண்டு தாள்களை அச்செடுத்து, விவசாயிகளின் பக்கத்தையும் விற்பனையாளரின் பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டினேன். “ஆளே வரலைங்கய்யா. வாட்ஸ்அப்ல பாத்து வந்த நம்ம விவசாயிங்க விலைப்பட்டியல் வரைக்கும் போறாங்க, நம்ம பக்கத்துல குறையில்ல” என்றேன். அவர் அடுத்த தவணையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இப்போது புதிதாக வரும் எந்த விற்பனையாளரிடமும் மூன்று நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம்: முதலில் சிறு சோதனைத் தொகுதி, இணைப்பு வைக்கப்படும் இடங்களின் பட்டியல், பணம் எங்கள் சர்வர் லாகில் தேறும் வருகைகளுக்கு மட்டும். எதை வைத்துத் தேறும் என்று முடிவு செய்கிறோம் என்பதை அவர்களிடம் சொல்வதில்லை. படங்களின் இடத்தையும் கோப்புப் பெயர்களையும் ஒவ்வொரு தொகுதிக்கும் மாற்றிவிடுகிறோம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து, கணக்கு முடிந்ததும் லாகிலிருந்து ஐபி முகவரிகளை நீக்கி, எண்ணிக்கைகளை மட்டும் வைத்துக்கொள்கிறோம். நிபந்தனைகளைப் படித்த பின் சிலர் மறுபடி அழைக்கவில்லை. ஒருவர் மட்டும் விவசாயச் செய்திகள் போடும் சில தளங்களின் பெயர்களை எழுதிக் கொடுத்துச் சோதனைத் தொகுதிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கான பக்கத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.